சோக நாடகமும் பள்ளி மாணாக்கரும்: ஒரு நெடிய விவாதத்தின் பரிசீலனை

பதினான்கு, பதினைந்து வயதுடைய மாணாக்கர்க்கு ஷேக்ஸ்பியரின் சோக நாடகம் ஒன்றைக் கற்பிக்கப் புகும் ஆசிரியரிடம், இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களின் பாடத்திட்டங்கள் இரு காரியங்களை ஒருங்கே எதிர்பார்க்கின்றன. நாடகத்தின் துயரம் மாணாக்கனுடைய உள்ளத்தில் தைக்க வேண்டும் என்பது ஒன்று. உருவகம், சிலேடை, முரணணி, தனிமொழி, மேடையிலுள்ளோர் அறியாததை அவையோர் அறிந்திருப்பதால் விளையும் நாடக முரண் முதலிய உத்திகளை அவன் இனங்கண்டு, பெயர் சொல்லி, அவற்றின் பயனை விளக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே காரியத்தின் இரு கூறுகள்தாமா, அல்லது ஒன்றையொன்று கெடுக்கும் இருவேறு காரியங்களா என்னும் வினா புதியதன்று. ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஒரு விடை கூறியிருக்கிறது. ஒவ்வொரு விடையும் அடுத்த தலைமுறைக்குக் குறையுடையதாகத் தோன்றியிருக்கிறது.

இவ்விடைகளை ஒருவாறு வகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. விஷயம் விரிந்துபோகாதிருக்கும்பொருட்டு, ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ என்னும் நாடகத்தையே பெரும்பாலும் உதாரணமாகக் கொள்வோம். 1980களின் இறுதியில் ஆர்தர் ஆப்பிள்பி என்பார் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைக் குறித்து நடத்திய ஆய்வில், பொதுப் பள்ளிகளில் முழுநூலாகப் பயிலப்படுவனவற்றுள் இந்நாடகமே முதலிடம் பெற்றது. ‘மாக்பெத்’ அதனை அடுத்து நின்றது. ஆகவே, வகுப்பறைச் சோக நாடகம் எனின் இதுவே எனக் கொள்வதில் பிழை பெரிதும் இராது.

இலக்கணப் பள்ளியின் விடை

ஷேக்ஸ்பியர் பயின்றிருக்கக்கூடிய பதினாறாம் நூற்றாண்டின் இலக்கணப் பள்ளியில் இவ்வினாவே எழுந்திராது. ஏனெனில், அங்கே அலங்காரம் என்பது கண்டுபிடிக்க வேண்டிய பொருளாக அன்றி, செய்து பழக வேண்டிய தொழிலாகவே இருந்தது. டி. டபிள்யூ. பால்ட்வின் 1944இல் வெளியிட்ட பெருநூலும், சகோதரி மிரியம் ஜோசப் 1947இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அப்பள்ளிகளின் பாடமுறையை விரிவாகக் காட்டுகின்றன. எராஸ்மஸ் 1512இல் இயற்றிய சொல்வளம் பற்றிய லத்தீன் நூல், ஒரு கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன் என்னும் எளிய செய்தியை நூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் மாற்றிச் சொல்லிக் காட்டுகிறது. ஹென்றி பீச்சம் 1577இலும், ஜார்ஜ் பட்டன்ஹாம் 1589இலும் ஆங்கிலத்திலேயே அலங்கார நூல்களை வெளியிட்டனர். மாணாக்கன் ஓர் அலங்காரத்தின் பெயரைக் கற்றான். ஆன்றோர் வாக்கில் அதனைக் கண்டான். உடனே தானும் அதனை அமைத்துக் காட்டும்படி ஏவப்பட்டான். பெயர், காட்சி, பயிற்சி என்னும் இம்மூன்றும் பிரியாதிருந்தமையே அம்முறையின் பலம்.

அதன் குறைகளும் சிறியனவல்ல. கல்வி லத்தீனில் நடந்தது. ஆண் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. பிரம்பின் துணையும் அதற்கு வேண்டியிருந்தது. சொல் மிகுந்து பொருள் சுருங்கிய பண்டிதத்தன்மையை அது வளர்த்ததென்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. ‘காதலின் வீண்முயற்சி’ நாடகத்தில் ஹோலொஃபெர்னஸ் என்னும் உபாத்தியாயரைப் படைத்து, தம்மை உருவாக்கிய கல்வியையே அவர் நகைப்புக்கு இலக்காக்கினார்.

ஆயினும், அக்கல்வியின் பேறு எத்தகையதென்பதை ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் காணலாம். முதல் அங்கத்தின் முதற்காட்சியில், ரோஸலைன் என்பாளை விரும்பும் ரோமியோ, கனத்தையும் இலேசையும், நெருப்பையும் குளிரையும், நோயையும் நலத்தையும் இணைத்து இணைத்து முரணணிகளை அடுக்குகிறான். அவை பழகிப்போன காதற்கவிதைகளிலிருந்து இரவல் வாங்கியவை என்பது கேட்போர்க்கு விளங்கும். விளங்க வேண்டும் என்பதே ஆசிரியர் கருத்துப்போலும். மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், தன் சுற்றத்தானாகிய டைபால்டைத் தன் கணவனே கொன்றான் என்று கேட்ட ஜூலியட்டும் அதே முரணணியையே கையாளுகிறாள். அழகையும் கொடுமையையும், தெய்வத்தன்மையையும் பேய்த்தன்மையையும் ஒரே தொடரில் பிணைக்கிறாள். முன்னது அணிகலன், பின்னது, கணவனையும் கொலைஞனையும் ஒரே மனிதனிடம் காண நேர்ந்த ஒரு பெண்ணின் உள்ளம் இரண்டாகப் பிளப்பதன் ஓசை. இரண்டிற்கும் ‘முரணணி’ என்று பெயரிட்டு அமையும் மாணாக்கன் இரண்டு மதிப்பெண் பெறக்கூடும்; ஆனால் நாடகத்தின் நகர்ச்சியை அவன் கண்டவனாகான். இவ்விரு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டப்பெற்ற மாணாக்கனோ, அலங்காரத்தின் வழியாகவே சோகத்தினுள் புகுகிறான். உத்தியும் உணர்ச்சியும் இயல்பாகவே பகையானவை என்னும் கொள்கைக்கு இவ்வோர் உதாரணமே போதிய மறுப்பாகும் என்று கருதுகிறேன்.

காதலர் முதன்முதற் சந்திக்கும் இடமும் இத்தகையதே. அவர்கள் பேசிக்கொள்ளும் முதற் பதினான்கு அடிகளும் ஒரு சானெட் பாவாக அமைந்திருக்கின்றன. அடிகளை எண்ணி இயைபை அடையாளமிடுவதோடு பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன. ஒருவர் தொடங்கிய பாவை மற்றவர் தொடர்ந்து இருவருமாக முடிக்கிறார்கள் என்பதும், முடிந்தவுடன் மற்றொரு பாத் தொடங்க, அதனை நிறைவுற விடாமல் செவிலி வந்து தாயின் அழைப்பைத் தெரிவிக்கிறாள் என்பதும் கவனிக்கப்பெற்றால், பின்வரும் கதை முழுவதும் அந்தத் தடைப்பட்ட பாவில் அடங்கிக் கிடப்பது புலனாகும்.

உரைக்குறிப்பின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. லத்தீன் பெற்றிருந்த இடத்தை ஆங்கில இலக்கியம் மெல்ல மெல்லப் பெற்றபொழுது, லத்தீனைக் கற்பித்த முறையையும் அது உடன் பெற்றுக்கொண்டது. 1807இல் சார்ல்ஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் ஷேக்ஸ்பியர் கதைகளை இளைஞர்க்கேற்ற உரைநடையில் தந்தனர். சோக நாடகங்களைச் சார்ல்ஸ் எழுதினார். அதே ஆண்டில் பௌட்லர் குடும்பத்தாரின் பதிப்பு, குடும்பத்தார் கூடியிருந்து படிக்கத் தகாதன என்று தாம் கருதியவற்றை நீக்கி வெளிவந்தது. இவ்விரண்டு வழக்கங்களும் இன்றும் மறையவில்லை. பிற்கால அமெரிக்கப் பள்ளித் தொகைநூல்கள் பலவற்றில் செவிலியின் பேச்சும் ரோமியோவின் நண்பனாகிய மெர்க்கூஷியோவின் சிலேடைகளும் குறைக்கப்பெற்றமை, பௌட்லரின் ஆவி நெடுநாள் உலவியது என்பதற்குச் சான்று.

1870களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், நுழைவுத் தேர்வுக்குரிய கட்டுரைப் பொருளை ‘ஜூலியஸ் சீசர்’ முதலிய குறிப்பிட்ட நூல்களிலிருந்து எடுக்கத் தொடங்கியபொழுது, பள்ளிகள் எந்நூலைக் கற்பிப்பதென்பதைத் தேர்வே நிர்ணயிக்கலாயிற்று. கிளாரண்டன் அச்சகத்தின் பதிப்புகளும், பின்னர் ஏ. டபிள்யூ. வெரிட்டியின் பிட் அச்சகப் பதிப்புகளும் முன்னுரை, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, ஒப்புமைப் பகுதி ஆகியவற்றோடு வெளிவந்தன; வெரிட்டியின் பதிப்புகள் இந்தியக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் வழங்கின. இந்தியாவில் இக்கல்விக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் கல்விக்கூடங்களில் தனிப் பாடமாவதற்கு முன்னரே இந்தியாவில் அவ்வாறு ஆக்கப்பெற்றது என்பதையும், ஆளப்படுவோரின் ஒழுக்கத்தையும் சம்மதத்தையும் உருவாக்கும் கருவியாக அது கருதப்பெற்றது என்பதையும் கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. 1855இல் தொடங்கிய சிவில் சர்விஸ் போட்டித் தேர்வில் ஆங்கில இலக்கியத்துக்குப் பெரும்பங்கு அளிக்கப்பெற்றதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

உரைக்குறிப்பு முறையை அடியோடு இகழ்வது எளிது, நியாயமன்று. வழக்கொழிந்த சொற்களுக்குப் பொருள் தெரியாத மாணாக்கன் எந்தச் சோகத்தையும் உணரான். ஆனால் குறிப்பு மூலத்தை விழுங்கும் அபாயம் அம்முறையில் எப்பொழுதும் உண்டு. சொல்லின் வரலாற்றைக் கூறும் குறிப்பு, அச்சொல் அந்நேரத்தில் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் பாய்கிறது என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. சர் ஹென்றி நியூபோல்ட் தலைமையில் 1921இல் வெளிவந்த ஆங்கிலக் கல்வி அறிக்கை நாடகத்தை நாடகமாகவே கற்பிக்க வேண்டும் என்னும் திசையில் சென்றதற்கு இவ்வதிருப்தி ஒரு காரணமாகலாம்.

இவ்விடத்தில் தமிழர்க்கு உரிய ஒரு குறிப்பையும் கூறிவிடலாம். விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மெய்ப்பாட்டு நோக்கில் வைத்து ஆராய்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் முன்னும், உவமவியல் அதனை அடுத்தும் நிற்கின்றன. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களையும் அந்நூல் வகுத்துரைக்கிறது. இவ்வரிசைக்கு ஒரு போதனைத் தத்துவத்தைக் கற்பிப்பது மிகையாகும். எனினும், நம் பள்ளிகளில் தண்டியலங்கார வழிவந்த அணியிலக்கணம் தேர்வு வினாவாக நிலைத்திருக்க, மெய்ப்பாடு வகுப்பறையில் அருகிய பேச்சாகிவிட்டது என்பதை நோக்கும்பொழுது, மேனாட்டார் விவாதம் நமக்கு முற்றிலும் அந்நியமானதாகத் தோன்றவில்லை.

பாத்திரமா, சொல்லமைதியா?

ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் சோக நாடக விரிவுரைகள், பள்ளி ஆசிரியர்க்கு அரை நூற்றாண்டுக் காலம் வேதம்போல விளங்கின. பாத்திரத்தின் குணத்திலிருந்து செயலும், செயலிலிருந்து அழிவும் பிறக்கின்றன என்னும் அவர் விளக்கம் தெளிவானது; மாணாக்கர் விவாதிப்பதற்கும் ஏற்றது. ஆனால் அது பாத்திரங்களை உயிருள்ள மனிதராக எண்ணி, நாடகத்துக்கு வெளியே அவர்களுக்கு வாழ்க்கைச் சரித்திரம் தேடும் பழக்கத்தை வளர்த்தது. எல். சி. நைட்ஸ் 1933இல், மாக்பெத் சீமாட்டிக்குக் குழந்தைகள் எத்தனை என்று பரிகாசமாகத் தலைப்பிட்டு எழுதிய கட்டுரை இப்பழக்கத்தைக் கண்டித்து, நாடகம் முதற்கண் ஒரு செய்யுள் என்று வற்புறுத்தியது. 1935இல் கரோலின் ஸ்பர்ஜன் நாடகங்களின் உருவகங்களைத் தொகுத்து ஆராய்ந்து, ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ முழுவதிலும் ஒளி பற்றிய படிமங்கள் மேலோங்கி நிற்பதைக் காட்டினார். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இலேயே, ஆசிரியர் பெயர் மறைக்கப்பெற்ற செய்யுட்களைக் கேம்பிரிட்ஜ் மாணாக்கரிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய விளக்கங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் கிளியன்த் புரூக்ஸும் ராபர்ட் ஹைல்மனும் 1945இல் நாடகத்தை உணர்வதற்கென ஒரு பாடநூலை இயற்றினர். இவர்கள் வழிவந்ததே, இன்று பள்ளிகளில் நிலவும் உன்னிப்பு வாசிப்பு முறை.

இம்முறையின் சிறப்பு, மாணாக்கனை மூலத்தின்மேல் கண் வைக்கச் செய்வது. அதன் பலவீனம், அது நல்ல வாசகரின் கையிலிருந்து சாதாரண வகுப்புக்கு இறங்கும்பொழுது வெளிப்படுகிறது. புரூக்ஸ் ஓர் உருவகத்தைத் தொடர்ந்து சென்று ‘மாக்பெத்’ முழுவதையும் திறந்து காட்டக் கூடும். பதினைந்து வயதினனோ உருவகத்தைக் கண்டவுடன் அதன் அடியில் கோடிட்டுப் பெயரெழுதி, அடுத்ததைத் தேடிச் செல்கிறான். இங்கிலாந்தின் ஆசிரியர்களே இதனை ‘உத்தி வேட்டை’ என்னும் கருத்துப்பட இகழ்ந்து பேசுகின்றனர். பாத்திரத்தை நிஜ மனிதராக எண்ணுவது தவறு என்று கடிந்த விமரிசகர்கள், அவ்வெண்ணம் இளைஞர்க்கு நாடகத்துள் நுழையும் வாயிலாக இருக்கிறதென்பதைப் போதிய அளவு கருதவில்லை என்றும் கூறலாம்.

ஒழுக்கக் குறை என்னும் எளிய சித்தாந்தம்

சோக நாடகப் பாடத்தில் எல்லாவற்றினும் உறுதியாக வேரூன்றிய உத்தி அணியன்று. தலைவனிடமுள்ள ஒரு குணக்குறையே அவன் அழிவுக்குக் காரணம் என்னும் சூத்திரமே ஆகும். அரிஸ்டாட்டிலின் காவிய இயல் நூலை ஆதாரமாகக் காட்டி, ஈடிபஸுக்கு ஆணவம், மாக்பெத்துக்குப் பேராசை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம், ரோமியோவுக்கு அவசரம் என்று பட்டியலிடுவது பாடக்குறிப்புகளின் வழக்கம். ஆனால் அரிஸ்டாட்டில் கூறியது அறியாமையால் நேரும் பெரும் பிழையையே அன்றி ஒழுக்கக் குறையை அன்று என்பதே இருபதாம் நூற்றாண்டின் அறிஞருட் பலருடைய முடிவு. இ. ஆர். டாட்ஸ் 1966இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ‘ஈடிபஸ் மன்னன்’ பற்றி மாணாக்கர் தேர்வில் எழுதிய விடைகளிலிருந்தே தொடங்குகிறது. அவ்விடைகள் மூவகைப்பட்டன என்கிறார் அவர்: ஈடிபஸ் குற்றவாளி, ஆதலால் தண்டனை பெற்றான் என்போர் ஒரு சாரார், மனிதன் விதியின் கைப்பாவை என்போர் மற்றொரு சாரார், சோபோக்ளிஸ் வெறுங் கலைஞரே, தெய்வ நீதி அவர்க்குப் பொருளன்று என்போர் மூன்றாஞ் சாரார். இம்மூன்றனுள் எதுவும் நாடகத்திற்குப் பொருந்தாதென்று ஒவ்வொன்றாக மறுத்து, எந்தக் கேடு நேரினும் உண்மையை அறிந்தே தீர்வது என்னும் ஈடிபஸின் உறுதியில் அவன் பெருமையைக் காண்கிறார் டாட்ஸ். அறுபதாண்டுகள் கழிந்த பின்னும் அதே விடைகள் விடைத்தாள்களில் வந்துகொண்டிருக்கின்றன எனில், குறை மாணாக்கரிடம் மாத்திரம் இருப்பதாகக் கொள்வதற்கில்லை.

ரோமியோவுக்கு இச்சூத்திரம் இன்னும் பொருந்தாது. கதைக்கு மூலமாகிய ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுச் செய்யுளின் முன்னுரை, பெற்றோர் சொற்கேளாது இச்சைக்கு அடிமையான காதலர்க்கு நேர்ந்த கதி இது என்று கண்டிக்கிறது. ஆயினும் அச்செய்யுளே அம்முன்னுரைக்கு முரணாகக் காதலர்பால் இரக்கம் காட்டுகிறது. ஷேக்ஸ்பியர் அக்கண்டனத்தைக் கைவிட்டார். புரூக்கிடம் பல மாதங்கள் நடந்த கதையை ஞாயிறு தொடங்கி வியாழன் வைகறைக்குள் முடித்தார். இவ்விரைவு ஒரு பாத்திரத்தின் குணமாக மாத்திரம் இல்லை. ஜூலியட்டின் தந்தையாகிய கபுலெட் மகளின் திருமண நாளை முன்னுக்குத் தள்ளுகிறார். டைபால்ட் வாளை உருவ விரைகிறான். பொறுமை போதிக்கும் பாதிரியார் லாரன்ஸே அவசரத் திருமணத்துக்கு இசைகிறார். ரோமியோவுக்குச் செல்ல வேண்டிய கடிதம் சேராமற்போனதோ, தூது சென்ற துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தால் ஒரு வீட்டினுள் வைத்து அடைத்துவிட்டமையால். இதில் எந்தக் குணக்குறை காரணம்? விதி, தற்செயல், குலப்பகை, இளமை ஆகிய அனைத்தும் கலந்து நிற்கும் இந்நாடகத்தை ஒரே காரணத்துக்குள் அடக்குவது, தேர்வாளருக்கு வசதி, வேறெவர்க்கும் அன்று.

சூத்திரம் இவ்வளவு வலுவாக நிலைத்தமைக்கு உரிய காரணத்தையும் நியாயமாகக் கூற வேண்டும். அது கட்டுரைக்கு ஒரு முதுகெலும்பு தருகிறது. ‘ஏன்’ என்னும் வினாவை மாணாக்கன் வாயில் வைக்கிறது. ஹெகல் ‘அந்திகோனே’ நாடகத்தில் கண்டதுபோல, இரு நியாயங்களின் மோதலாகச் சோகத்தைக் கற்பிப்போரும் உண்டு. ஆர்தர் மில்லர் 1949இல் வாதித்ததுபோல, சாமானியனும் சோகத் தலைவனாகலாம் என்று கொண்டு ‘ஒரு விற்பனையாளரின் மரண’த்தைப் பாடமாக வைப்போரும் உண்டு. இவை மாற்றுச் சூத்திரங்களாகிவிடும் அபாயம் இவற்றுக்கும் இல்லாமலில்லை.

மேடையே பாடம் என்போர்

நாடகம் நடிப்பதற்கென எழுதப்பெற்றது. ஆகவே நடித்தே கற்க வேண்டும் என்னும் வாதம் கேட்ட மாத்திரத்தில் உண்மையாகத் தோன்றுவது. கேம்பிரிட்ஜிலுள்ள பெர்ஸ் பள்ளியில் ஆசிரியராயிருந்த கால்டுவெல் குக், 1917இல் வெளியிட்ட ‘விளையாட்டு வழி’ என்னும் நூலில், சிறுவர் தாமே நாடகத்தை அரங்கேற்றிக் கற்ற முறையை விவரித்தார். 1986இல் ரெக்ஸ் கிப்ஸன் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ‘ஷேக்ஸ்பியரும் பள்ளிகளும்’ என்னும் திட்டமும், அதன் பயனாக 1990களில் வெளிவந்த பள்ளிப் பதிப்புகளும் இவ்வாதத்துக்குப் புத்துயிர் அளித்தன. நாடகத்தை முடிந்த நூலாக அன்றி, மேடைக்குரிய பிரதியாகக் கொள்ளும்படி கிப்ஸன் வற்புறுத்தினார். வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகம் 1993 முதல் வெளியிட்ட ஆசிரியர் கைநூல்களும், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2008இல் தொடங்கிய இயக்கமும் இவ்வழியினவே.

இவர்கள் கையில் உத்திகள் உயிர்பெறுவதை மறுக்க இயலாது. மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் ஜூலியட் தன் தாயிடம் ரோமியோவைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு சொல்லும் இருபொருள் படுவது. தாய்க்கு வெறுப்பாகவும், அவையோர்க்குக் காதலாகவும் கேட்பது. இதனைப் பலகையில் எழுதி விளக்குவதைக் காட்டிலும், இரு மாணாக்கியரை எழுப்பி, ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்த்துப் பேசும்படி செய்தால், எந்தச் சொல்லில் குரல் தயங்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். சாகும் தறுவாயில் மெர்க்கூஷியோ தன் சவக்குழியைக் குறித்தே சிலேடை பேசும்பொழுது, நண்பர்கள் அவன் காயத்தை விளையாட்டென்று எண்ணி நகைப்பதா, நகைப்பை நிறுத்துவதா, நிறுத்தினால் எந்தச் சொல்லில் என்னும் கேள்விகள் நடிப்போர்க்கு வந்தே தீரும். வாசிப்போர்க்கு வராமலும் போகலாம்.

குறைகள் வேறு வகையின. நாற்பது பேர் நெருங்கியிருக்கும் வகுப்பில், வாரத்துக்குச் சில மணி நேரத்தில், முழு நாடகத்தையும் நடித்துக் காண்பது பெரும்பாலும் கற்பனையே. கூச்சமுள்ள மாணாக்கன் ஒதுங்கிவிடுகிறான். நடிக்கத் தெரிந்தவன் வகுப்பையே எடுத்துக்கொள்கிறான். செயல்பாடு சுவையாக அமைந்தமையாலேயே புரிதல் நிகழ்ந்தது என்று ஆசிரியர் தம்மை ஏமாற்றிக்கொள்வதும் உண்டு. இம்முறையை மதிப்பிட முயன்ற ஆய்வுகள் நெடுங்காலம் பெரும்பாலும் மாணாக்கரின் ஆர்வத்தையும் மனப்பான்மையையுமே அளந்தன. நாடகத்தை நுணுகி உணரும் ஆற்றலை அளப்பது அதனினும் கடினமாகையால் அது வியப்பன்று. திரைப்படத்தைத் துணைக்கொள்வோரும் இதே இக்கட்டில் அகப்படுகின்றனர். ஸெஃபிரெல்லி 1968இலும், பாஸ் லூர்மன் 1996இலும் எடுத்த படங்கள் கதையை ஒரே நாளில் விளங்கவைக்கும்; ஆயின் அவை முன்னரே தேர்ந்துகொண்ட ஒரு விளக்கத்தை ஏனைய விளக்கங்களின் இடத்தில் அமர்த்திவிடவும் கூடும்.

வாசகன் அனுபவம்

லூயிஸ் ரோஸன்பிளாட் 1938இல் வெளியிட்ட ‘ஆராய்தலாக இலக்கியம்’ என்னும் நூல், பொருள் நூலில் மாத்திரம் இல்லை, வாசகனும் நூலும் சந்திக்கும் நிகழ்ச்சியில் பிறக்கிறது என்றது. இக்கொள்கை பள்ளிகளில் பரவியபொழுது, ஜூலியட்டுக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை என்பதும், அவளை வாசிப்போரும் அவ்வயதினரே என்பதும் பெருவாய்ப்பாகக் கருதப்பெற்றன. வாய்ப்புத்தான், கூடவே தொல்லையும் வருகிறது. பெற்றோர் கண்டிப்பு, முதற்காதல் என்னும் அளவுக்கு நாடகம் சுருங்குகிறது. பகைக் குடும்பங்களின் தெருச்சண்டையும், ஊர்த்தலைவனின் தோல்வியுற்ற நீதியும் பின்தள்ளப்படுகின்றன. இளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் முடிவை, அவ்வயதினர் முன்னிலையில் காதலின் வெற்றியாகப் போற்றும் பாடமுறை கவலைக்குரியது என்பதிலும் ஐயமில்லை. 2003ஆம் ஆண்டு முதல் இக்கால உரைநடையை மூலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து வெளிவந்த பதிப்புகள் வேறு, ‘அனுபவம்’ என்பதை மூலத்தைத் தொடாமலே பெறலாம் என்னும் ஆசையை ஊட்டிவிட்டன.

தேர்வின் ஆட்சி

மேற்கூறிய கொள்கைகளுள் எது மேலோங்கும் என்பதைக் கடைசியில் நிர்ணயிப்பது, அறிஞர் வாதம் அன்று, வினாத்தாளே. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே தேசியப் பாடத்திட்டம் வந்தது. பதினான்கு வயதினர்க்கு விதிக்கப்பெற்ற ஷேக்ஸ்பியர் தேர்வை 1993இல் ஆசிரியர்கள் புறக்கணித்தனர். 2008இல் அவ்வயதினர்க்குரிய தேர்வுகள் கைவிடப்பெற்றன. 2015 முதல் கற்பிக்கப்பெற்று 2017இல் முதன்முதலாக நடந்த புதிய பொதுத் தேர்வோ, நூலைக் கையில் வைத்திராமல் எழுதும்படி அமைந்தது. அதன் மதிப்பீட்டு நோக்கங்களுள் ஒன்று, மொழி, வடிவம், அமைப்பு ஆகியவற்றை அவை பொருந்துமிடத்து உரிய கலைச்சொற்களைக் கொண்டு ஆராயவேண்டும் என்கிறது. ‘பொருந்துமிடத்து’ என்னும் அந்த வரம்பு, அலுவலகத் தாளிலிருந்து வகுப்பறைக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது என்பதே பலருடைய புகார். அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த பொதுத் தரநிலைகள் உயர் வகுப்பினர்க்கு ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றையாவது வேண்டுகின்றன. ஆனால் அதனை எவ்வாறு அளப்பது என்னும் சிக்கல் அங்கும் தீரவில்லை.

கலைச்சொல் கேடு பயப்பது என்று இதனால் பெறப்படாது. பெயர் தெரிந்த பொருளைக் கண் எளிதிற் காணும். மொழிவளம் குறைந்த வீட்டிலிருந்து வரும் மாணாக்கனுக்கு, மற்றவர்கள் குறிப்பாற் பெறும் அறிவை வெளிப்படையாகத் தருவது கலைச்சொல்தான் என்று வாதிப்போர் கூற்றில் உண்மையுண்டு. இலக்கணப் பள்ளியில் பெயரை அடுத்து வந்த பயிற்சி இன்று உதிர்ந்துவிட்டது; அதுவே இக்கால முறையின் முதன்மையான குறை என்று எனக்குத் தோன்றுகிறது. தானே ஒரு முரணணியை அமைத்துப் பார்த்தவனுக்கு ரோமியோவின் முரணணி எவ்வளவு மலிவானது என்பது தெரிந்துவிடும். ஆயினும், இக்காலப் பள்ளியில், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தைப் பேசுவோரும் நிறைந்த வகுப்பில், அப்பயிற்சி எவ்வளவு பயன்தரும் என்பதற்கு ஆதாரம் போதிய அளவு திரண்டிருப்பதாகக் கூற இயலாது.

தீராது நிற்பன

பயனை முதலில் உணர்த்திப் பெயரைப் பின்னர்த் தருவதா, பெயரை முன்னரே தந்து பயனைத் தேடச் சொல்வதா என்பது எல்லா மாணாக்கர்க்கும் ஒரே விடையுடைய வினாவாகத் தோன்றவில்லை. முழு நாடகத்தை வேகமாகப் படிப்பதா, சில காட்சிகளை ஆழ்ந்து பயில்வதா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. சோகத்தை உணர்ந்தவனையும், உணர்ந்ததாக எழுதப் பழகியவனையும் வேறுபிரித்துக் காட்டும் வினாத்தாளை இதுவரை எத்தேசத்துக் கல்வித் துறையும் இயற்றியதில்லை. இயற்றல் கூடுமா என்பதே ஐயம்.

இவற்றினும் சிறியதாகத் தோன்றும் மற்றொரு வினா, இவையனைத்தையும் தன்னுள் அடக்கியது. ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தின் முகவுரைப் பா, காதலர் இருவரும் இறப்பர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. அதனை முதல் நாளே படிக்கும் வகுப்பில், முடிவு தெரிந்த கண்ணோடு ஒவ்வொரு காட்சியையும் காணும் நாடக முரண் முழு வலிமையோடு வேலை செய்யும். அதனை மறைத்துவைத்துக் கடைசியில் படிக்கும் வகுப்பில், கடிதம் சேர்ந்துவிடாதா என்னும் நம்பிக்கை ஐந்தாம் அங்கம் வரையில் உயிரோடிருக்கும். முன்னது சரி என்போர் 1599ஆம் ஆண்டின் இரண்டாம் குவார்ட்டோப் பதிப்பைக் காட்டலாம். அதில் முகவுரை உண்டு. பின்னதை விரும்புவோரும் வெறுங்கையராக நிற்க வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் நண்பர்கள் 1623இல் தொகுத்து வெளியிட்ட முதல் ஃபோலியோவில் அம்முகவுரை காணப்படவில்லை. அது வேண்டுமென்றே விடப்பெற்றதா, அச்சில் தவறியதா என்பதைப் பற்றிப் பதிப்பாசிரியர்களிடையே ஒருமித்த முடிவில்லை.